மைக்கை எப்போது மூட வேண்டும்?

விழாவுக்குத் தலைமை தாங்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, இன்னொரு கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டு வந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அம்மா அவர்களே, பந்தலும் ஒலிபெருக்கியும் தந்த வணிகர் சங்கப் பெரியோர்களே, நாற்காலி கிடைக்காமல் மதில்மேல் உட்கார்ந்திருக்கும் டென்னிஸ் பந்து அணித் தம்பிகளே! அனைவருக்கும் வணக்கம். பெயர் விட்டுப்போனவர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் ரிச்சி பெனோவைப் பந்துவீச்சாளர், எழுத்தாளர், வர்ணனையாளர் என்று மூன்று பகுதியாகச் சொல்வதாக அழைப்பிதழில் போட்டாயிற்று. மூன்றுக்கும் சேர்த்து ஒரே பழமொழிதான் கைவசம்: நுணலும் தன் வாயால் கெடும். நுணல் என்றால் மணலுக்குள் பதுங்கிக் கிடக்கும் தவளை. பேசாமல் கிடந்தால் யார் கண்ணிலும் படாது. கத்தும், மாட்டிக்கொள்ளும்.

பெனோ 1930-இல் ஆஸ்திரேலியாவின் பென்ரித்தில் பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர். அவரும் லெக் ஸ்பின்னர்தான், அதாவது மணிக்கட்டைச் சுழற்றிப் பந்தைத் திருப்புகிறவர். தலைமையாசிரியர் ஐயா கவனிக்க வேண்டும்! மகன் 63 டெஸ்டில் 248 விக்கெட், 2,201 ரன். டெஸ்டில் 200 விக்கெட்டையும் 2,000 ரன்னையும் சேர்த்துத் தொட்ட முதல் ஆள் அவர். லெக் ஸ்பின் போடுகிறவனுக்குப் பந்தின் தையல் உரசி உரசி விரல் தோல் கிழியும். 1957-இல் நியூசிலாந்தின் டிமாருவில் ஒரு மருந்துக் கடைக்காரர் அவருக்குக் கைவைத்தியம் சொன்னார்: கலாமைன் லோஷனைத் தடவு, அதன்மேல் போரிக் பவுடரைத் தேய். தோல் பிழைத்தது.

அதற்கு முந்தைய வருடம்தான் நமக்கு முக்கியம். 1956-இல் இங்கிலாந்துப் பயணம் முடிந்ததும் பெனோ லண்டனிலேயே தங்கி, பிபிசியில் மூன்று வாரம் தொலைக்காட்சிப் பயிற்சி எடுத்தார். வயது 25. ஆடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த தொழிலுக்குப் பாடம்! அக்டோபரில் சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் இறங்கி 72 ரன்னுக்கு 7 விக்கெட். கடைசிவரை அவருடைய சிறந்த டெஸ்ட் பந்துவீச்சு அதுதான்.

எழுத்தாளர் பகுதிக்கு வருவோம். சிட்னியின் 'சன்' நாளேட்டில் குற்றச் செய்தி எழுதிப் பழகிய கை. அதை விரிக்க ஆரம்பித்தால் இரவாகிவிடும். அவர் புத்தகங்களை வாங்கி வைக்கும்படி நூலக அலுவலர் அம்மாவைக் கேட்டுக்கொண்டு மேலே போகிறேன்.

இனி வர்ணனையாளர். 2005 செப்டம்பர் 12, லண்டன் ஓவல் மைதானம். இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் தொடரின் கடைசி டெஸ்ட்; டிரா ஆனாலே ஆஷஸ் இங்கிலாந்துக்கு. இங்கிலாந்து பேட்ஸ்மேன் பீட்டர்சன் 158. இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் பெனோவுக்கு அன்றுதான் கடைசி நாள்; கிரிக்கெட் கட்டணச் சேனலுக்குப் போகிறது, அவர் போகவில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் தங்கள் வீடுகளுக்குள் அனுமதித்த ரசிகர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார். வாக்கியம் பாதியில் நிற்கிறது. அங்கே ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் மெக்ராத் ஓடி வருகிறார். ஸ்டம்ப் பறக்கிறது! நம் ஆளாக இருந்தால் மைக் உடைந்திருக்கும். பெனோ என்ன செய்தார்? குரலைக் கூட்டவில்லை. அதே வாக்கியத்துக்குள் பீட்டர்சன் அவுட்டானதைச் சொருகினார், ஆட்டத்தைப் பாராட்டினார், விடைபெற்றார். பந்து வரும்போது பேசலாமா என்று மதில்மேல் இருக்கும் தம்பி முணுமுணுப்பது கேட்கிறது. அன்று ஒருநாள் விட்டுவிடு, தம்பி!

அவர் முறை எளிது. மைதானத்தைப் பார்த்துப் பேசாதே, மானிட்டரைப் பார். வீட்டில் இருப்பவருக்குத் தெரிவது அதுதான். படத்தில் இருப்பதையே திரும்பச் சொல்லாதே, படம் காட்டாததைச் சொல். பேட்ஸ்மேனுக்குப் பின்னால் நிற்கும் ஸ்லிப் ஆளை ஏன் நகர்த்தினார்கள் என்பது படத்தில் தெரியாது. 'நாம் ஜெயிக்கிறோம்' என்ற 'நாம்' அவர் வாயில் வராது. கேட்ச் விட்டது பெருந்துயரமும் ஆகாது.

நம்மூர்ப் போட்டியில் நடப்பது என்ன? பந்து வீச்சாளர் ஓடி வரும்போதே மைக் அலறுகிறது. குழாய் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே மைக்கைப் பிடிக்கிறோம், ஊளையிடுகிறது. அந்தச் சத்தத்தில் 'ஓடாதே' என்று எதிர்முனைக்காரன் கத்துவது கேட்காமல் பாதி பிட்சில் ரன் அவுட். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் கத்துகிறது, பேட்ஸ்மேன் கெடுகிறான்!

ஆகவே நகர்மன்றத் தலைவர் அவர்களே, ஆறு சனிக்கிழமை, ஒரு வகுப்பறை, ஒரு தொலைக்காட்சி. கேட்பது இவ்வளவுதான். தமிழ் வர்ணனைப் பயிற்சி தொடங்கிவிடலாம். முதல் பாடம்: டிவி ஒலியை நிறுத்திவிட்டு ஒரு ஓவரைப் பார்த்துப் பேசி, போனில் பதிவு செய்யுங்கள். பந்து கையைவிட்டுப் போனதிலிருந்து நிற்கும்வரை உங்கள் குரல் கேட்கக் கூடாது. பிறகு பேட்ஸ்மேன் பெயர், ஸ்கோர், மிச்ச ஓவர். அதற்குமேல் வந்த சொற்களை எண்ணி, மறுமுறை பாதியாகக் குறையுங்கள்.

தம்பிகளுக்கு இன்னொன்று. தொப்பியில்லாமல் வெயிலில் ஆடியதை நினைத்துப் பெனோ கடைசிக் காலத்தில் வருந்தினார். தோல் புற்றுநோய் வந்திருந்தது. 2015 ஏப்ரலில் மறைந்தார். தொப்பி போடுங்கள்.

பெயர் கொடுக்கப் பதிவேடு பந்தல் வாசலில், வலப்பக்க மேசையில் இருக்கிறது. பேனாவைத் திருப்பி வைத்துவிட்டுப் போகவும். நுணல் கதை எனக்கும் பொருந்தும் என்று ஒலிபெருக்கிக்காரர் கை காட்டுகிறார். அடுத்து நகர்மன்றத் தலைவர் அவர்கள் பேசுவார்கள். வணக்கம்.