முகாம் முடிந்த மறுநாள் யார் வருவார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் கண்ணயராமல் உட்கார்ந்திருக்கும் அவையோரே, வணக்கம்.

"கல்லூரி மாணவர்களின் தொண்டு ஊருக்குப் பெரிதும் பயன்படுவது முகாம்களாலா, தொடர்பணிகளாலா?" என்பது தலைப்பு. தொடர்பணிகளாலேயே என்று வாதாட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் அருமையாகப் பேசினார். நானூறு மாணவர்கள் ஒரே நாளில் ஏரிக்கரையில் இறங்கினால் ஊரே திரும்பிப் பார்க்கும் என்றார். பார்க்கும், மறுக்கவில்லை. ஊர் திரும்பிப் பார்த்ததும் பஸ் ஏறிவிடுகிறார்களே, அதுதான் என் கவலை.

அவர் தூக்கிப் பிடித்த நாட்டு நலப்பணித் திட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம். அதன் விதி என்ன? ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் வழக்கமான பணி. அதோடு தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். சான்றிதழுக்கு இரண்டும் வேண்டும். 120 மணி நேரத்தைக் கல்லூரி ஒழுங்காக நடக்கும் முப்பது வாரத்துக்குப் பிரித்தால் வாரம் நான்கு மணி நேரம் வருகிறது. திட்டத்தை அமைத்தவர்கள் சோறாக வைத்தது வாராந்திரப் பணியை. முகாமை அவர்கள் பாயசமாகத்தான் வைத்தார்கள். நாம் பாயசத்தை மட்டும் குடித்துவிட்டு இலையை மூடிவிடுகிறோம். 240 மணி நேரக் கணக்கு எங்கே என்று கேட்டால் பதிவேடு நிரம்பியிருக்கும். எப்படி நிரம்பியது என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் ரத்ததான முகாமைச் சொன்னார். "ஒரே நாளில் இருநூறு யூனிட்! உங்கள் வாரப்பணியில் நடக்குமா?" என்று மேசையைத் தட்டினார். மேசை பாவம். அந்த இருநூறு யூனிட் பிறகு என்ன ஆகிறது என்று பார்ப்போம். தானமாகப் பெற்ற ரத்தத்தைக் கூறுகளாகப் பிரிக்கிறார்கள். சிவப்பணுக்களை அதிகபட்சம் 42 நாள் வைத்திருக்கலாம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்கு ஆயுள் ஐந்தே நாள். அக்டோபர் 1 தேசிய தன்னார்வ ரத்ததான நாள். அதை ஒட்டி எல்லாக் கல்லூரியும் ஒரே வாரத்தில் முகாம் போட்டால், அன்று எடுத்த தட்டணு அடுத்த வாரம் டெங்குவோடு வந்து படுப்பவருக்கு உதவாது. ஏப்ரல், மே வந்தால் தேர்வு, விடுமுறை, விடுதி காலி. கோடைதோறும் ரத்த வங்கிகள் கொடையாளர் கிடைக்காமல் தவிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். அந்தக் குழந்தைக்குக் கோடை விடுமுறை கிடையாது, நடுவர் அவர்களே.

அதே இருநூறு பேரை வைத்துக்கொண்டே இதைச் சரிசெய்யலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கலாம். பெயர், ரத்த வகை, சொந்த ஊர், கடைசியாகக் கொடுத்த தேதி என்று ஒரு நோட்டில் எழுதி, வாரத்துக்குப் பன்னிரண்டு, பதினைந்து பேர் என்று முறை வைத்தால் ஆண்டு முழுவதும் ஓடும். விடுமுறைக்கு ஊர் போனவர் அந்த ஊர் அரசு மருத்துவமனையில் கொடுத்துவிட்டு ஒரு செய்தி அனுப்பினால் போதும். இதில் பிளெக்ஸ் பேனர் இல்லை, சிறப்பு விருந்தினர் இல்லை, பொன்னாடை இல்லை. அதனால்தானோ என்னவோ, இந்த நோட்டை எழுத ஆள் கிடைப்பதில்லை.

இன்னொன்றைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வறையில் "சொல்வதை எழுதுபவர்" ஒருவர் வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வு என்றால், மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகச் சேர்த்து அவர்களுக்கு நான்கு மணி நேரம். எழுதப் போகிறவர் முதலில் வினாத்தாளை முழுவதும் வாசிக்க வேண்டும். எதை முதலில் எடுப்பது என்று மாணவர் முடிவு செய்யும்வரை திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். "பத்தி பிரியுங்கள்" என்றால் பிரிக்க வேண்டும். "முன்னால் சொன்ன வரியை அடித்துவிடுங்கள்" என்றால் அடிக்க வேண்டும். தப்பாகச் சொன்னால் தப்பாகவே எழுத வேண்டும். சரியான விடை நாக்கின் நுனியில் நின்றாலும் வாயைத் திறக்கக் கூடாது. பேனா பின்தங்கினால் சொல்பவரின் சிந்தனை அறுந்துபோகும். ஒரு பதினாறு மதிப்பெண் கேள்வி பாதியில் நின்றுவிடும். முன்பின் அறியாத இருவரைத் தேர்வு மணி அடிக்கும் நேரத்தில் சேர்த்து உட்காரவைத்தால் இது ஓடுமா? ஆண்டு முழுவதும் அவருக்குப் பாடப்புத்தகம் வாசித்துக் காட்டியவர், அவர் எங்கே மூச்சு விடுவார், எங்கே யோசிப்பார் என்று அறிந்தவர், வந்து உட்கார்ந்தால் ஓடும். தேர்வுக்கு முந்தைய இரவு பத்து மணிக்கு "நாளைக் காலை எழுத யாராவது வர முடியுமா?" என்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்திகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் உட்பட எல்லோரும் அதை வேறு குழுவுக்கு அனுப்பிவிட்டுத் தூங்கிவிடுகிறோம்.

எதிரணியின் மரம் நடு விழாவுக்கு வருகிறேன். நான் முகாமே கூடாது என்கிறவன் அல்ல. பனை விதைக்கு ஒருநாள் முகாம் கனகச்சிதம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஏரிக்கரையில் குழி பறித்து விதையைப் போட்டால் மீதியை மழை பார்த்துக்கொள்ளும். முளை முதலில் கீழ்நோக்கி இறங்குவதால் ஆடு கடிக்க மேலே ஒன்றும் இருக்காது. (பொங்கலுக்குக் கிழங்கு தோண்ட வருகிறவர்களிடமிருந்து மட்டும் காப்பாற்ற வேண்டும்.) ஆனால் வேம்பும் புங்கனும் அப்படியா? உலகச் சுற்றுச்சூழல் நாள் என்று ஜூன் 5 அன்று நடுகிறோம். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு நல்ல மழை அக்டோபரில்தான் வருகிறது. இடைப்பட்ட நான்கு மாதம் குடம் தூக்கப்போவது யார்? வானத்தைப் பார்த்து நட வேண்டிய கன்றை நாள்காட்டியைப் பார்த்து நட்டால் அது பட்டுத்தான் போகும். பாவம், அடுத்த ஆண்டு சிறப்பு விருந்தினருக்கு மட்டும் குழி தயாராக இருக்கும்.

"தினம் தினம் போய் என்ன சாதித்துவிட முடியும்?" என்று கேட்டார்கள். பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. அந்தந்தத் தெருவைச் சேர்ந்த தன்னார்வலர், மாலை ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம், சுமார் இருபது பிள்ளைகள். அவ்வளவுதான். பள்ளிகள் திறந்த ஆறு மாதத்தில் பிள்ளைகள் இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது என்று ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது. அந்தத் தன்னார்வலர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தார்களே என்று எதிரணி முணுமுணுப்பது காதில் விழுகிறது. ஆயிரம் ரூபாய்க்காக நாள் தவறாமல் இருபது வாண்டுகளைக் கட்டி மேய்க்க வருகிறவர் இருந்தால் எனக்கும் காட்டுங்கள்.

அதற்கும் முந்தைய கதை 1991இல் புதுக்கோட்டையில் நடந்தது. எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கத்தின் தொண்டர்கள் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போனார்கள். மாலைதோறும் போனதால்தான் அந்தப் பெண்களுடைய நாள் எப்படிக் கழிகிறது, தண்ணீருக்கும் வேலைக்கும் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பதெல்லாம் கண்ணில் பட்டது. எழுத்தோடு சைக்கிளும் பாடமானது. ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். ஆடிக்கொரு நாள், அமாவாசைக்கொரு நாள் போகிறவர் கண்ணில் அந்தத் தேவை பட்டிருக்குமா?

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது மாணவர்கள்தானே ஓடி வந்தார்கள் என்றும் கேட்டார்கள். வந்தார்கள், வணங்குகிறேன். வெள்ளம் கழுத்துக்கு வரும்போது எந்தத் தொண்டு நல்லது என்று கூட்டம் போட்டுத் தேர்ந்தெடுக்க மாட்டோம். படகு எங்கே என்றுதான் கேட்போம். ஆற அமர யோசிக்க முடிகிற நாளில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் இன்றைய வழக்கு.

எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் தெரியுமா? பஸ் போகிற ஊரா, மண்டபம் உண்டா, சமையலுக்குத் தண்ணீர் கிடைக்குமா என்று பார்க்கிறோம். அந்த ஊருக்கு என்ன வேண்டும் என்று ஊரைக் கேட்டோமா? கேட்பதற்கு இடமா இல்லை? ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. ஐந்து மாணவர்கள் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டாலே அடுத்த ஆண்டுக்கான வேலை கிடைத்துவிடும். தெருவைக் கூட்டுவதைவிட, எரியாத தெருவிளக்குகளைக் கம்பம் கம்பமாகக் குறித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த சபையில் "என்ன ஆயிற்று?" என்று கேட்பது பெரிய தொண்டு. துப்புரவுப் பணியாளர் கையில் இருக்கும் துடைப்பத்தை இரண்டு மணி நேரம் வாங்கிப் படம் எடுத்துக்கொள்வதால் அவருக்குக் கையுறைகூடக் கிடைக்கப்போவதில்லை.

நான் மாணவர்களைக் கேட்கச் சொல்வது ஒரே கேள்விதான். அடுத்த வாரம் நாம் போகாவிட்டால் அங்கே யாராவது நம்மைத் தேடுவார்களா? தேடுவார்கள் என்றால் அந்த வேலையை எடுங்கள். எடுத்த கையோடு, மூன்றாம் ஆண்டு முடிந்து நீங்கள் போன பிறகு தொடரப் போகும் முதலாண்டு மாணவரையும் பிடித்துவிடுங்கள்.

நேரம் இல்லை, செமஸ்டர் கழுத்தை நெரிக்கிறது என்பவர்களுக்கும் இடம் இருக்கிறது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், வெவ்வேறு நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் தங்கள் வீட்டிலிருந்தபடியே பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். ஒரு பந்தல் போடவில்லை, ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் கட்டவில்லை. விடுதி அறையில் கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கும் மாணவருக்கு இதைவிடத் தோதான வேலை ஏது?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். தீர்ப்பை அவரிடமே விட்டுவிடுகிறேன். அடுத்த மாதம் பருவத் தேர்வு தொடங்குகிறது. சொல்வதை எழுதப் பத்துப் பேர் வேண்டும். நோட்டோடு மேடைக்கு இடப்பக்கம் நிற்பேன். முதல் மூன்று வரியை எதிரணிப் பேச்சாளர்கள் மூவருக்காகக் காலியாக விட்டிருக்கிறேன். நன்றி, வணக்கம்.