40 டாலர் சீரியல் டப்பா வித்து கம்பெனிய காப்பாத்துனாங்களா?! | ஸ்டார்ட்அப் ஃபண்டிங் உண்மையில எப்படி நடக்குது

[ஸ்க்ரீன்ல: ஓபாமா படம் போட்ட சீரியல் டப்பா]

இந்த டப்பா விலை 40 டாலர். உள்ள இருக்கிறது கடையில 4 டாலருக்கு கிடைக்கிற அதே ஐட்டம்தான். டிவி சீரியல் இல்லங்க, காலையில பால் ஊத்தி சாப்பிடுவாங்களே அது. இதை வித்தது யாருன்னு நினைக்கிறீங்க? ஏர்பிஎன்பி. ஆமா, ரூம் புக் பண்ற அதே ஏர்பிஎன்பி!

பேக்ரவுண்ட் சட்டுனு சொல்லிடறேன். 2007 அக்டோபர், சான் பிரான்சிஸ்கோ, பிரயன் செஸ்கி, ஜோ கெபியா ரெண்டு பேரும் ரூம்மேட்ஸ், வாடகை கட்ட காசு இல்ல, ஊர்ல டிசைன் மாநாடு நடக்குது ஹோட்டலெல்லாம் ஃபுல், வீட்டுல காத்தடிச்ச மெத்தை போட்டு ஒரு ராத்திரிக்கு 80 டாலர்னு மூணு பேரை தங்க வெச்சாங்க. அப்புறம் கோடிங் பாக்க நேதன் பிளெச்சார்சிக் சேர்ந்தாரு. அவ்ளோதான், ஓவர்.

2008-ல ஏழு முதலீட்டாளர்கள்கிட்ட போய் நின்னாங்க. ஒன்றரை லட்சம் டாலர் குடுங்க, 10 சதவீதம் பங்கு வாங்கிக்கோங்கன்னாங்க. அஞ்சு பேர் வேணாம்னு மெயில் போட்டாங்க, ரெண்டு பேர் பதிலே போடல. அந்த மெயில்களை 2015-ல செஸ்கியே வெளியிட்டாரு. தேடிப் படிங்க, செம மரியாதையா மறுத்திருக்காங்க.

இப்ப எனக்கு ரொம்ப பிடிச்ச இடத்துக்கு வர்றேன். கையில காசு இல்ல, கிரெடிட் கார்டெல்லாம் லிமிட் முடிஞ்சு போச்சு. சின்ன பசங்க பேஸ்பால் கார்டு சேத்து வெப்பாங்களே ஒரு ஃபைல், அதுல கிரெடிட் கார்டை அடுக்கி வெச்சிருந்தாங்களாம் மக்களே! அந்த நேரம் அமெரிக்காவுல தேர்தல். காசு திரட்ட சீரியல் விக்கலாம்னு, ஓபாமா பேர்ல ஒண்ணு, அவரை எதிர்த்து நின்ன மெக்கெயின் பேர்ல ஒண்ணுன்னு ரெண்டு டப்பா டிசைன் போட்டாங்க, டிசைன் படிச்ச பசங்க இல்லையா, ஒவ்வொண்ணுலயும் 500 டப்பா, நம்பர் போட்டு. ஃபேக்டரியா இருக்கு? அட்டையை பிரிண்ட் பண்ணி வாங்கிட்டு வந்து, வீட்டுல உக்காந்து ஆயிரம் டப்பாவையும் கையால மடிச்சு சூடான பசை வெச்சு ஒட்டினாங்க. நியூஸ்ல வந்துச்சு, ஓபாமா டப்பா மொத்தமும் காலி. மெக்கெயின் டப்பா மீந்து போச்சு, அதையே இவங்க சாப்பாடா சாப்பிட்டாங்க. எலெக்‌ஷன் ரிசல்ட்டை முன்னாடியே சொன்ன சீரியல்னா அது இதுதான் போல.

சுமார் 30,000 டாலர் வந்துச்சு. இந்த நம்பரை ஞாபகம் வெச்சுக்கோங்க.

அடுத்து ஒய் காம்பினேட்டர், புது கம்பெனிகளுக்கு கொஞ்சம் காசும் ஆலோசனையும் குடுத்து பங்கு வாங்கிக்கிற அமைப்பு. அதை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான பால் கிரஹாமுக்கு இந்த ஐடியாவே பிடிக்கல, முன்ன பின்ன தெரியாதவன் வீட்டுல போய் எவனாவது தூங்குவானாங்கிற ரேஞ்சுல பேசியிருக்காரு. இன்டர்வியூ முடிஞ்சு கிளம்பும்போது கெபியா ஒரு சீரியல் டப்பாவை எடுத்து குடுத்தாரு, கதையை சொன்னாரு. அங்கதான் கிரஹாம் விழுந்தாரு. நீங்க கரப்பான்பூச்சி மாதிரி, உங்களை சாகடிக்க முடியாதுன்னு சொல்லி சேத்துக்கிட்டாரு. திட்டு இல்லங்க, பாராட்டு!

இப்ப கணக்கு பாருங்க. கிரஹாம் குடுத்தது 20,000 டாலர், எடுத்துக்கிட்டது 6 சதவீதம் பங்கு. சீரியல்ல வந்தது 30,000, குடுத்த பங்கு பூஜ்யம். ஃபண்டிங் வந்துச்சுன்னு கேக் வெட்டுறாங்களே, அது பரிசு இல்லங்க, கம்பெனியில ஒரு துண்டை வித்த காசு. அதுக்காக கிரஹாம் ஏமாத்திட்டாருன்னு கமெண்ட் போடாதீங்க. உங்க கஸ்டமர் நியூயார்க்ல இருந்தா நீங்க ஏன் இங்க இருக்கீங்க, கிளம்புங்கன்னு துரத்திவிட்டதே அவருதான். இவங்க கேமராவை தூக்கிட்டு வீடு வீடா போய் நல்ல போட்டோ எடுத்து போட்டாங்க, வாரம் 200 டாலர்ல நின்ன வருமானம் டபுள் ஆச்சு. 2009-லயே செக்கோயாங்கிற பெரிய முதலீட்டு நிறுவனம் உள்ள வந்துச்சு, சுமார் ஆறு லட்சம் டாலர்.

2020 டிசம்பர்ல பங்குச்சந்தைக்கு வந்தாங்க. பங்கு 68 டாலர்னு விலை வெச்சாங்க, முதல் நாள் 144-க்கு மேல முடிஞ்சுது, கம்பெனி மதிப்பு 8,600 கோடி டாலர் பக்கம். அப்ப அந்த 10 சதவீதத்தை வாங்கியிருந்தா 860 கோடியான்னு கேட்டா, இல்ல. ஒவ்வொரு தடவை ஃபண்டிங் வாங்கும்போதும், அதைத்தான் ரவுண்ட்னு சொல்வாங்க, புதுப் பங்கு வெளியிடுவாங்க, பழைய ஆளோட சதவீதம் இறங்கிட்டே போகும். சும்மா ஒரு கணக்குக்கு, ரவுண்டுக்கு 20 சதவீதம் வீதம் அஞ்சு ரவுண்ட் வித்தாங்கன்னு வெச்சுக்கோங்க, 10 வந்து 3.3-ல நிக்கும். அப்பவும் 280 கோடி டாலர் இருக்கு!

மெயில் போட்ட அஞ்சு பேரும் முட்டாளான்னு கேட்டா, என்னைக் கேட்டா இல்லதான். அவங்க டேபிளுக்கு இந்த மாதிரி நூறு ஐடியா வரும், முக்கால்வாசி காணாமப் போயிடும், ஒண்ணு ரெண்டு ஜெயிச்சுதான் மொத்த நஷ்டத்தையும் அடைக்கணும். நியூயார்க்ல ஃப்ரெட் வில்சன்னு ஒரு பெரிய முதலீட்டாளர், 2009-ல இதை வேணாம்னு விட்டவரு, பின்னாடி அவரே எழுதி ஒத்துக்கிட்டாரு, ஆபீஸ் மீட்டிங் ரூம்ல அந்த ஓபாமா டப்பாவையும் வெச்சிருந்தாரு. அந்த மனுஷன் கெத்து.

நீங்க 2008-ல இருந்திருந்தா, காத்தடிச்ச மெத்தை பிசினஸுக்கு ஒன்றரை லட்சம் டாலர் குடுத்திருப்பீங்களா? பொய் சொல்லாம கமெண்ட்ல போடுங்க, நான் குடுத்திருக்க மாட்டேன்.