ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

தலைவர் அவர்களே, எனக்குத் தமிழ் சொல்லித்தந்த ஓய்வுபெற்ற அதிபர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆலய அறங்காவலர் சபைப் பெரியோர்களே, சம்பூரிலிருந்தும் மூதூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் மாதர் சங்கத்துத் தாய்மாரே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். குத்துவிளக்கேற்றிய குருக்கள் ஐயாவுக்கும், மண்டபத்தைக் காசு வாங்காமல் தந்த சனசமூக நிலையத்தாருக்கும் என் நன்றி.

பாராளுமன்றத் தேர்தல் நேரம், திருகோணமலையில் இப்போது எங்கே போனாலும் ஒரே கேள்விதான். "எங்கட வேட்பாளர் நல்ல மனிசன். ஆனால் கொள்கையில உறுதி போதுமோ?" சமஷ்டி, அதாவது கூட்டாட்சி, என்ற சொல்லை அவர் மேடையில் அழுத்திச் சொல்வதில்லையாம். சிங்களத்தில் பேசுகிறாராம். அமைச்சரோடு ஒரே மேசையில் தேநீர் குடித்தாராம். நானும் பழைய கொள்கைக்காரன். இந்தச் சந்தேகத்தைத் தட்டிக்கழிக்க மாட்டேன். அவரை எதைக் கொண்டு அளப்பது, கட்சிப் பட்டியலில் விரும்பிய வேட்பாளருக்குப் போட எங்கள் கையிலுள்ள மூன்று விருப்பு வாக்கை எப்படிப் போடுவது என்று பார்ப்போம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார் என் அம்மம்மா.

அவர் சொன்ன கதை ஒன்று. 1956 ஆகஸ்ட். தமிழரசுக் கட்சியின் திருமலை மாநாட்டுக்கு வடக்கிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் சனம் கால்நடையாக வருகிறது. பாலையூற்றில் எங்கள் வீட்டு முற்றத்தில் கிடாரம் வைத்துச் சோறு. அம்மம்மா சுண்டு என்ற அளவுப் பாத்திரத்தில் அரிசியை அள்ளி, மேலே உள்ளங்கையால் வழித்துவிட்டுத்தான் போடுவாராம். உதவிக்கு இரண்டு பெடியன்கள். ஒருவன் மாட்டுவண்டியில் ஏறி நின்று முழங்கினான். அருமையான குரல், கேட்டவர்களுக்குக் கண்ணீர் வந்ததாம். மற்றவன் வாயே திறக்கவில்லை. வந்தவர்களை எண்ணி எத்தனை சுண்டு என்று கணக்குச் சொன்னான், கொப்புளம் போட்ட கால்களுக்கு எண்ணெய் தடவினான். பொழுதுபடும் நேரம் ஒரு பொலிஸ்காரர் வந்து, படலையில் கட்டியிருந்த கொடியைக் கழற்றச் சொன்னார். முழங்கிய பெடியன் வண்டியிலிருந்து குதித்து சண்டைக்கே போய்விட்டான். பேசாத பெடியன் இடையில் வந்து பொலிஸ்காரரைத் திண்ணையில் இருத்தி, செம்பில் தண்ணீர் கொடுத்து, சிங்களத்தில் கால் மணித்தியாலம் பேசினான். அவர் எழும்பிப் போனார். கொடி அங்கேயே இருந்தது. அன்று இரவு சாம்பலும் மணலும் போட்டுக் கிடாரம் கழுவினவனும் அவன்தான். "அவன்ர முகம் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது" என்பார் அம்மம்மா.

அந்த மாநாட்டுக்கு அடுத்த வருடம், 1957 ஜூலை 26இல், தமிழரசுக் கட்சியின் தந்தை செல்வா பிரதமர் பண்டாரநாயக்காவோடு ஒப்பந்தம் செய்தார். பிரதேச சபைகள் தருவதாக வாக்கு. விட்டுக்கொடுத்துவிட்டார் என்று அவரையும் ஏசினார்கள். 1958 ஏப்ரலில் அந்த ஒப்பந்தத்தைக் கிழித்தது பண்டாரநாயக்கா, செல்வா அல்ல. 1977இல் பாராளுமன்றம் போன எங்கள் சம்பந்தன் ஐயாவுக்கும் மென்மையானவர் என்ற பேர் கடைசி வரை இருந்தது.

இவர் போதாது, அவர் போதாது என்று சிதறினால் என்ன நடக்கும் என்பதை 2000ஆம் ஆண்டில் பார்த்துவிட்டோம். அந்தத் தேர்தலில் இந்த மாவட்டத்திலிருந்து ஒரு தமிழ் உறுப்பினர்கூடப் போகவில்லை. இருப்பது நான்கே ஆசனம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.

சரி, எதைக் கொண்டு அளப்பது? என்னிடம் இருக்கும் சுண்டு மாகாணசபை. 1957இல் காகிதத்தில் வந்து கிழிபட்ட அதிகாரம், முப்பது வருடம் கழித்து அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் கொஞ்சமாவது வந்தது. கிழக்கில் 37 உறுப்பினர், அதில் திருகோணமலைக்கு 10 பேர். கடைசித் தேர்தல் 2012இல். 2017இல் சபை கலைந்தது. அதே வருடம் தேர்தல் முறையை மாற்றச் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த முறைக்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018இல் தோற்கடித்தது. புது முறைக்கு எல்லை இல்லை, பழைய முறைக்குச் சட்டம் இல்லை. அன்றிலிருந்து ஆளுநர் ஆட்சிதான். பாடசாலைக் கூரைக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் ஆளுநர் அலுவலக வாசலில் நிற்கிறோம். நாம் வாக்குப் போட்டு அனுப்பாத ஒருவரிடம்.

வேட்பாளர் வீட்டுக்கு வரும்போது சமஷ்டி பற்றி எவ்வளவு உரக்கப் பேசுவீர்கள் என்று கேட்காதீர்கள். பழைய முறையிலாவது மாகாணசபைத் தேர்தல் நடத்தத் திருத்தச் சட்டம் கொண்டுவருவீர்களா, எந்த மாதம், யார் யாரோடு பேசியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். அமைச்சரோடு குடித்த தேநீர் அதற்காக என்றால் இன்னும் பத்துக் கோப்பை குடிக்கட்டும். என் விருப்பு வாக்கு அவருக்குத்தான்.

தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். வாசலில் மாகாணசபைத் தேர்தல் கோரிக்கை மனு வைத்திருக்கிறோம், பேனையும் இருக்கிறது. அம்மாமார் பஸ்ஸுக்கு ஓடவேண்டியவர்கள், முதலில் அவர்கள் கையெழுத்து வைக்க வழி விடுங்கள். நன்றி, வணக்கம்.