கால் பட்டு உருவான மைதானம்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

கோல்ஃப் என்றதும் எங்கள் ஆட்களுக்கு முதலில் நினைவில் வருவது நுவரெலியா. ஊர் நடுவே பச்சையாகக் கிடக்கும் அந்த வெளி 1889இல் தொடங்கிய கழகத்துடையது. கொழும்பு றோயல் கழகம் அதைவிடப் பத்து வருடம் மூத்தது. காலிமுகத்திடலில் தொடங்கிப் பொரளைப் பக்கம் இடம்மாறியது. களனிவெளி ரயில் இன்றைக்கும் அதன் நடுவால்தான் ஓடுகிறது. ஆனால் இவை எல்லாம் பார்த்துப் படித்த மூலம் ஒன்று இருக்கிறது. ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையில், சென் அன்ட்ரூஸ் என்ற சின்னப் பட்டினத்தில் உள்ள 'ஓல்ட் கோர்ஸ்'. அந்த மைதானம் எப்படி மாறி மாறி இன்றைய வடிவத்துக்கு வந்தது என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன். பள்ளிக்கூட மைதானத்தைப் பராமரிக்கிறவர்கள், ஊர் விளையாட்டுக் கழகங்களை நடத்துகிறவர்கள் இதைக் கொஞ்சம் கூர்ந்து கேட்க வேண்டும்.

முதலில் நிலம். கடலுக்கும் பயிர்நிலத்துக்கும் இடையில் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் மணல்வெளி அது. வல்லிபுரம், மணற்காடு பக்கம் போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வித்தியாசம் என்னவென்றால், அங்கே குளிரும் தூறலும் வருடம் முழுக்க இருப்பதால் மெல்லிய புல் மணலை இறுகப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் தேங்காது, உரம் தங்காது. அப்படிப்பட்ட வறிய மண்ணில் வளரும் புல் குட்டையாக, அடர்த்தியாக, ஆழ வேரோடி நிற்கும். பந்து உருள அதைவிட நல்ல தரை கிடையாது.

அந்த மண் யாருடைய தனிச்சொத்தாகவும் இருக்கவில்லை என்பதும் முக்கியம். 1552இல் பேராயர் ஜோன் ஹமில்ரனின் சாசனம், அங்கே முயல் வளர்க்க இடம்விட்டாலும், கோல்ஃபும் உதைபந்தும் ஆட ஊராருக்குள்ள உரிமையை எழுத்திலே உறுதிசெய்தது. 1797இல் கடன்பட்ட நகரசபை நிலத்தை விற்றது. அது முயல் வளர்க்கும் வியாபாரிகளின் கைக்குப் போனது. முயல்கள் தோண்டிய பொந்துகளால் ஆட முடியாமல் போய், சண்டையும் வழக்கும் வருடக்கணக்கில் இழுபட்டன. 1821இல் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் நிலத்தை வாங்கிய பிறகே மைதானம் பிழைத்தது. 1894இல் சட்டம் ஒன்றின் மூலம் நகரசபை அதைத் திரும்பப் பெற்றது. 1974இலிருந்து, அதுவும் சட்டப்படி, ஒரு பொது அறக்கட்டளை நிர்வகிக்கிறது.

இனி ஆட்டத்துக்கு வருவோம். ஆரம்பத்தில் கடலோரமாக ஒரே ஒரு ஒடுங்கிய பாதை. இரு பக்கமும் முட்புதர். போகும்போது ஆடிய குழிகளையே திரும்பி வரும்போதும் ஆடுவார்கள். அப்படி ஒரு சுற்றுக்கு 22 குழி. 1764இல், தொடக்கத்தில் இருந்த நான்கு குழிகள் மிகக் கிட்டக்கிட்ட இருக்கின்றன என்று அவற்றை இரண்டாக்கினார்கள். போகவும் வரவும் அதே பாதை என்பதால் 22 குழி 18 ஆனது. இன்று உலகம் முழுவதும் 18 குழி ஆடுவதற்கு அடிப்படை இவ்வளவுதான். ஒரு ஊரில் நாலு குழி கிட்டக் கிடந்தது.

அந்தக் காலத்து விதி ஒன்று மைதானத்தை நன்றாகவே கெடுத்தது. ஒரு குழியில் பந்தைப் போட்டதும், அடுத்த அடியை அதே குழியிலிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள் நின்று அடிக்க வேண்டும். பந்தை வைக்கக் கொஞ்சம் மணல் தேவை. அந்த மணலைக் குழிக்குள்ளே கையை விட்டே எடுப்பார்கள். நாள் போகப்போகக் குழி ஆழமாகும், விளிம்பு உடையும், சுற்றியுள்ள புல் செத்துப்போகும். பிறகு இந்தத் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசியில் அடி தொடங்குவதற்கென்று தனி இடமே ஒதுக்கினார்கள். குழியின் அகலம் நாலேகால் அங்குலம் என்று 1891இல் நிலையானது.

அடுத்த பெரிய மாற்றம் பந்தால் வந்தது. பழைய பந்து தோலுக்குள் வெந்த இறகை இறுக்கி அடைத்துத் தைத்தது. கைதேர்ந்த ஒருவராலும் நாளுக்குச் சிலவற்றைத்தான் செய்ய முடியும். நனைந்தால் தையல் விடும். 1848 அளவில் 'கட்டாபேர்ச்சா' என்ற மரப்பாலில் செய்த பந்து வந்தது. எங்கள் பாட்டன்மார் உத்தியோகத்துக்குப் போன அதே மலாயாப் பக்கத்துக் காட்டு மரத்தின் பால். சுடுநீரில் போட்டால் இளகும், கையால் உருட்டலாம், உடைந்தால் திரும்ப உருக்கலாம். விலை சரிந்தது, சாதாரண ஆட்களும் ஆட வந்தார்கள். ஒடுங்கிய பாதையில் போகிறவர்களும் வருகிறவர்களும் ஒரே குழியில் முட்டிக்கொண்டார்கள்.

இதற்குக் கண்ட தீர்வை நான் மிகவும் மெச்சுகிறேன். ஒவ்வொரு குழியைச் சுற்றியும் உள்ள குட்டைப்புல் தரையை, அதைக் 'கிறீன்' என்பார்கள், பக்கவாட்டில் விரித்து, அதிலே இரண்டு குழி வெட்டினார்கள். போகிறவருக்கு வெள்ளைக் கொடி, வருகிறவருக்குச் சிவப்புக் கொடி. புதர்களை வெட்டிப் பாதையையும் அகலமாக்கினார்கள். இன்றும் அங்கே ஏழு இரட்டைக் கிறீன்கள் உண்டு. பங்கிடும் குழிகளின் எண்ணைக் கூட்டிப் பாருங்கள்: 2உம் 16உம், 3உம் 15உம், 8உம் 10உம். எல்லாம் 18. ஐந்தாம், பதின்மூன்றாம் குழிகளின் கிறீன் மட்டும் எங்கள் கணக்கில் 12 பரப்புக்கு மேல் வரும். அகலம் கூடியதால் கால்படும் இடம் பரவியது. குழியை நாளுக்கு நாள் இடம்மாற்றி வெட்ட முடிந்தது. தேய்ந்த இடத்துக்கு ஓய்வு கிடைத்தது.

1865இல் ரொம் மொறிஸ் மைதானக் காப்பாளரானார். 1903 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். முதலாம் குழிக்கும் பதினேழாம் குழிக்கும் ஒரே கிறீன்தான் இருந்தது. அவர் ஓடைக்கு அப்பால் முதலாம் குழிக்குத் தனிக் கிறீன் அமைத்தார். அதனால் மைதானத்தை எதிர்த்திசையிலும் சுற்றி வர முடிந்தது. ஒரு கிழமை வலஞ்சுழி, மறு கிழமை இடஞ்சுழி என்று மாற்றி மாற்றி ஆடினார்கள். பந்து விழும் இடங்கள் மாறுவதால் புல்லுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. பின்னர் இடஞ்சுழியே நிலைத்துவிட்டது. இன்று ஆடுகிறவர்கள், பந்தைச் சிக்கவைக்கும் மணற்குழிகள் சிலவற்றைக் கடைசி நேரம்வரை காணாமல் அதற்குள் அடிப்பதற்குக் காரணமும் இதுதான். அவை மற்றத் திசையில் வருகிறவரின் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தவை.

மொறிஸின் முக்கிய மருந்து மணல். கிறீன் மேல் மெல்லியதாக மணலைத் தூவி, புல்லின் அடிக்குத் தள்ளிவிடுவது. தரை மட்டமாகும், செத்த புல்லின் சக்கை மக்கும், புது வேர் பிடிக்கும். தடிப்பாகப் போட்டால் புல் மூச்சடைத்துச் சாகும். அந்த அளவு தெரிந்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இல்லை என்ற வழக்கத்தையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பெரிய போட்டிகளைத் தவிர, இன்றும் ஞாயிறு அங்கே ஆட்டம் இல்லை. ஊர்ச்சனம் பிள்ளைகளோடும் நாய்களோடும் நடந்து திரியும்.

மணற்குழிகள் 112. காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் உராய்ந்தும், பந்துகள் ஒரே பள்ளத்தில் சேர்ந்து மட்டையால் புல் பெயர்ந்தும் பல உருவாகின என்று நம்பப்படுகிறது. இன்று அவற்றின் சுவர்கள் கட்டப்பட்டவை. புல்லோடு சேர்த்து வெட்டிய மண்பாளங்களைச் செங்கல் போல மூட்டு மாற்றி அடுக்குவார்கள். ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையிலிருந்து கொஞ்சம் பின்தள்ளி இருக்க வேண்டும். பின்புறம் மண் போட்டு இடித்து இறுக்க வேண்டும். இறுக்கம் போதாவிட்டால் மழைக்குச் சுவர் வயிறு தள்ளிச் சரியும். தெற்கு நோக்கிய சுவரில் வெயில் நேரே படுவதால் அது முதலில் காய்ந்து பொரிந்து உதிரும். ஆகவே குளிர்காலந்தோறும் ஒரு பகுதியைப் புதிதாகக் கட்டுகிறார்கள். பதினேழாம் கிறீனை ஒட்டிய மணற்குழி சிறியதுதான், ஆனால் 1978இல் ஜப்பானியர் நகஜிமா அதிலிருந்து வெளிவர முடியாமல் அந்தப் பதினேழாம் குழியை முடிக்க 9 அடி எடுத்தார்.

கடைசி இருபத்தைந்து வருட மாற்றங்கள் வேறு மாதிரி. 'ஓப்பன்' என்ற பெரிய தொழில்முறைப் போட்டி 2000ஆம் ஆண்டு அங்கே நடந்தபோது மைதான நீளம் 7115 யார். 2005இல் 7279, 2022இல் 7313. தொடக்க இடங்கள் பின்னே பின்னே போய், சில பக்கத்து மைதானங்களின் நிலத்திலேயே இருக்கின்றன. 2012இல் கோல்ஃப் மைதான வடிவமைப்பாளர் மார்ட்டின் ஹோட்றியின் திட்டப்படி மணற்குழிகளை நகர்த்தி, பதினோராம் கிறீனின் ஒரு மூலையைத் தாழ்த்தினார்கள். பலத்த எதிர்ப்பு வந்தது. எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம். முந்திய மாற்றங்கள் நாளாந்தம் ஆடும் ஊராருக்காகவும் புல்லுக்காகவும் செய்தவை. இவை சில வருடங்களுக்கு ஒருமுறை நாலு நாள் வந்து ஆடும் தொழில்முறை வீரர்களுக்காகச் செய்தவை. அப்படி நீட்டியும் 2022இல் வென்றவர், மைதானத்துக்கு நிர்ணயித்த அடிக்கணக்கைவிட நாலு நாளிலும் மொத்தம் 20 அடி குறைவாக முடித்தார்.

ஒரு நல்ல பழக்கத்தையும் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் புல் வளராது, பெயர்ந்தது ஆறாது. அதனால் நவம்பரிலிருந்து மார்ச் வரை ஆட வருகிறவர் செயற்கைப் புல் விரிப்புத் துண்டொன்றைக் கையோடு கொண்டுபோய், பந்தை அதன்மேல் வைத்தே அடிக்க வேண்டும். எந்தப் பெரிய மனிதராக இருந்தாலும் சரி.

எங்கள் மைதானங்களில் புல் ஆறாத காலம் மாசிக்குப் பிறகு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வளர்ந்த புல்லை, தரை இன்னும் ஈரமாக இருக்கும் தை, மாசியில் இல்லப் போட்டி, அணிவகுப்பு, மார்ச்சில் கிரிக்கெட் என்று மிதிக்கிறோம். பிறகு அடுத்த மாரிவரை சொல்லும்படி மழை இல்லை. கோல்கம்பத்தின் முன்னும், கிரிக்கெட் ஓடுகளத்தின் இரு முனையிலும் மொட்டைத் தரை தெரிவது அதனால்தான். அணிவகுப்புப் பயிற்சியை ஒரே கோட்டில் நடத்தாமல் நாளுக்கு நாள் மாற்றலாம். கோல்கம்பங்களைக் கழற்றக்கூடியதாகச் செய்து, பயிற்சிக்கு நாலைந்து யார் பக்கம் மாற்றி நடலாம்.

மொட்டையான இடத்துக்கு அறுகு போதும். வெப்பநாட்டுக் கோல்ஃப் மைதானங்களில் பரவலாக வளர்ப்பதும் அறுகின் கலப்பினங்களையே. ஐப்பசி முதல் மழைக்கு, இறுகிய தரையை முள்ளால் நாலங்குல ஆழத்துக்குக் குத்தி இளக்கி, அரை அடிக்கு ஒன்றாக அறுகங்கொடியை இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட வேண்டும். பிடித்த பின் அரித்த ஆற்றுமணலைப் புல்நுனி மறையாத அளவுக்குத் தூவித் தும்புத்தடியால் தட்டிவிடுங்கள். கடல்மணல் வேண்டாம், உப்பும் சிப்பித்தூளும் புல்லைக் கருக்கும். வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் எடுக்கக் கூடாது. கோடையில் கிணற்று நீர் உவராக இருந்தால் தினமும் கொஞ்சம் தெளிப்பது கெடுதல், உப்பு மேற்பரப்பிலேயே படியும். கிழமைக்கு இரண்டு தரம், விடியற்காலையில், நீர் அரை அடி ஆழம் இறங்கும்வரை விடுங்கள். நட்ட இடத்தைக் கயிறு கட்டி, தைப்பொங்கல் வரைக்கும் யாரும் மிதிக்காமல் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.