மூன் ஆறும் எட்டு மதகுகளும்

அவைத்தலைவர் ஐயா அவர்களே, முன்வரிசையை அணிசெய்யும் பேராசிரியப் பெருமக்களே, நான் மறந்துவிடுவேன் என்று அஞ்சி மூன்று முறை தொலைபேசியில் அழைத்து நினைவூட்டிய நூலகர் அம்மையார் அவர்களே, இடமின்றி நின்றுகொண்டே கேட்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தாய்லாந்தின் கிழக்கு முனையில், உபோன் ராட்சதானி மாகாணத்தில் உள்ள கோங் சியாமின் ஊராட்சி முறை, ஆறு, கோயில் விழா ஆகிய மூன்றையும் பேசுவதாக அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். முதலாவதைச் சுருக்கிவிடுகிறேன். சில சிற்றூர்கள் சேர்ந்தால் ஒரு தம்போன்; அதன் தலைவர் கம்னன். இனி ஆறு. "ஆறில்லா ஊருக்கு அழகு பாழ்" என்ற ஔவை வாக்கைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை என்பதை அறிவீர்கள்.

கோங் சியாமுக்கோ ஆறு ஒன்றல்ல, இரண்டு. கலங்கிய மேகோங்கில் நீலம் பாரித்த மூன் வந்து கலக்கும் இடத்தை அங்குள்ளோர் இருநிற ஆறு என்கிறார்கள். சங்கமத்துக்கு ஐந்தரைக் கிலோமீட்டர் மேலே, மூன் ஆற்றின் குறுக்கே, உலக வங்கிக் கடனின் துணையோடு, 136 மெகாவாட் மின்சாரத்துக்காகக் கட்டப்பட்ட பாக் மூன் அணை 1994-இல் முடிந்தது.

அங்கே ஒரு படகோட்டியுடன் சென்றபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். மேகோங்கிலிருந்து முட்டையிட ஏறிவரும் மீன்களுக்காக அணையோரம் சிமெண்டில் ஒரு படிக்கட்டு கட்டியிருக்கிறார்கள். அதைக் காட்டிய முதியவர், படகை நிறுத்தி, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் மொழிபெயர்ப்பாளரிடம் வெகுநேரம் பேசினார். பேசப் பேசத் தாமே சிரித்தார். மொழிபெயர்ப்பாளருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. என்னவென்று நான் கெஞ்சிக் கேட்ட பிறகுதான் சொன்னார்: "என் மனைவிக்கு முழங்கால் வலி, அவளே கோயில் படி ஏறிவிடுகிறாள், இந்த மீன்களுக்கு என்ன வந்தது என்று பெரியவர் கேட்கிறார்." அரங்கில் நீங்கள் சிரிப்பதைப் போலத்தான் நானும் சிரித்தேன். கரையேறியதும் தம் வீட்டுத் திண்ணையடியில் மடித்துக் கிடந்த வலைகளை அவர் காட்டினார். மீனைக் கொடுத்து மேட்டு நிலத்தாரிடம் அரிசி வாங்கிய குடும்பம், இப்போது அரிசியைக் காசுக்கு வாங்குகிறது. அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஆறில்லா ஊருக்கு அழகு பாழ் என்றால், ஆறிருந்தும் மீனில்லா ஊருக்கு எது பாழ்? அணைக்கு முன் பதிவான 265 மீன் இனங்களுள் 96 மட்டுமே அணைக்கு மேற்புறத்தில் பிறகு காணப்பட்டன என்று உலக அணைகள் ஆணையத்தின் 2000-ஆம் ஆண்டு ஆய்வு கூறியது. மக்களின் நெடிய போராட்டத்துக்குப் பின், 2001 ஜூனில் எட்டு மதகுகளும் திறக்கப்பட்டன. திரும்பி வந்த மீன்களை ஊராரே தங்கள் பெயர்களால் பதிவுசெய்தார்கள். அந்தக் கணக்கு 156 இனங்களைத் தொட்டது. பட்டம் பெற்றவர்கள் தேடிய விடையை வலை வீசியவர்கள் எழுதிக் கொடுத்தார்கள் என்பேன். முன்வரிசைப் பெருமக்கள் பொறுத்தருள்க.

ஆனால் மறு ஆண்டே அரசு, ஆண்டுக்கு நான்கு மாதம் திறந்தால் போதும் என்று முடிவுசெய்தது. மீனின் வரவைத் தீர்மானிப்பது வெள்ளம். கோப்பில் குறித்த தேதியை அது பார்ப்பதில்லை. மதகுகள் ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்பதே அந்த ஊராரின் கோரிக்கை, என்னுடையதும் அதுவே.

தலைவர் ஐயா மணியைத் தொட்டுவிட்டார். கோயில் விழாவைப் பற்றிக் கேட்க வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். ஆதரவுக் கடிதம் வாயிலருகே மேசைமீது இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறேன்.