நாற்காலியை வீசியவரும் நாற்காலியில் அமர்ந்தவர்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

2008 ஆகஸ்டில் மேற்படிப்புக்காக அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் புளூமிங்டன் என்ற ஊரில் போய் இறங்கினேன். வாடகைக்கு ஒரு மாடி அறை கிடைத்தது. வீட்டுக்காரர் அந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "உனக்குக் கூடைப்பந்து தெரியுமா?" பள்ளியில் ஆடியிருக்கிறேன் என்றேன். "அப்படியானால் சொல், நைட்டை நீக்கியது சரியா, தப்பா?"

நைட் யாரென்றே எனக்குத் தெரியாது. அந்த ஊர்ப் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் பழைய கோச் என்று பிறகுதான் தெரிந்தது. அவரை நீக்கி அப்போதே எட்டு வருடம் ஆகியிருந்தது.

நம் ஊரில் கல்லூரிக் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர் யாரென்று பக்கத்துத் தெருவுக்குத் தெரியாது. அங்கே நிலைமை வேறு. இண்டியானா பல்கலைக்கழகத்தின் அசெம்பிளி ஹால் அரங்கில் 17,000 பேர் உட்காரலாம். பல அமெரிக்க மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குவோரில் முதலிடம் ஆளுநருக்கு இல்லை, நீதிபதிக்கும் இல்லை, பல்கலைக்கழக அணி ஒன்றின் கோச்சுக்குத்தான். இண்டியானாவில் இந்தப் பித்து பள்ளிக்கூடத்திலேயே தொடங்கிவிடுகிறது. 1954-இல் மைலன் என்ற சிற்றூரின் பள்ளி மாநிலக் கோப்பையை வென்றது. மொத்தமே 161 மாணவர்கள். இறுதியாட்டம் 32-30. அந்தக் கடைசிப் பந்தை நேரில் பார்த்ததாகச் சொல்கிறவர்களை எல்லாம் கூட்டினால் எந்த அரங்கமும் கொள்ளாது என்பார் எங்கள் வீட்டுக்காரர்.

இனி பாப் நைட். 1971 முதல் 2000 வரை 29 சீசன்கள் அவர்தான் கோச். 1976, 1981, 1987 என மூன்று தேசியப் பட்டங்கள். இதில் 1976 அணி 32 ஆட்டம் ஆடி 32-லும் வென்றது. ஆண்கள் பிரிவில் அதற்குப் பிறகு எந்த அணியும் ஒரு தோல்விகூட இல்லாமல் பட்டம் வென்றதில்லை. ஆட்டக்காரர்கள் ஒழுங்காகப் படித்துப் பட்டம் வாங்கவேண்டும் என்பதில் கறாரானவர். பட்டாளத்துக்காரர்போல நடப்பதால் 'ஜெனரல்' என்று பெயர். கோபமும் அந்த அளவுக்கு. 1985 பிப்ரவரியில், பரம எதிரியான, அதே மாநிலத்துப் பர்டியூ பல்கலைக்கழகத்துடன் நடந்த ஆட்டத்தில், நடுவர் மீதிருந்த கோபத்தில் ஒரு சிவப்பு நாற்காலியைத் தூக்கி ஆடுகளத்தின் குறுக்கே வீசினார்.

நாற்காலியை ஊர் மன்னித்தது. மன்னித்தது என்ன, கொண்டாடியது. ஆனால் 2000-ஆவது ஆண்டில், பழைய பயிற்சி ஒன்றில் அவர் ஓர் ஆட்டக்காரரின் கழுத்தில் கை வைத்த வீடியோ தொலைக்காட்சியில் வந்துவிட்டது. பல்கலைக்கழகத் தலைவர் மைல்ஸ் பிராண்ட், இனி ஒரு தவறு நடந்தாலும் வேலை போய்விடும் என்று எச்சரித்தார். செப்டம்பரில், முதலாண்டு மாணவன் ஒருவன் கோச்சை மரியாதை அடைமொழி ஏதுமில்லாமல் மொட்டையாக 'நைட்' என்று கூப்பிட, இவர் அவன் கையைப் பிடித்து நிறுத்தி மரியாதை பற்றிப் பாடம் எடுத்தார். வேலை போயிற்று. அன்று இரவு ஆயிரக்கணக்கான மாணவர்கள் தலைவரின் வீட்டை நோக்கி ஊர்வலம் போனார்கள். அவருடைய கொடும்பாவியை எரித்தார்கள்.

வீட்டுக்காரரின் வாதம் இதுதான்: "பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவன் தப்பா, கையைப் பிடித்தவர் தப்பா?" வாத்தியாரின் பெயரை முழுசாக உச்சரிக்கவே கூசுகிற ஊரில் வளர்ந்த எனக்கு இந்தக் கேள்வி சற்றுச் சங்கடம்தான். எங்கள் துறை அலுவலகத்தில் ஓர் அம்மா இருந்தார். அவர் எதிர்க்கட்சி. "29 வருஷமாக அந்த ஆள் மற்றவர்களிடம் கேட்ட ஒழுங்கை ஒரு நாளாவது தன்னிடம் கேட்டதுண்டா?" என்பார். என் மனசு அந்த அம்மா பக்கம். வாடகை வீடோ வீட்டுக்காரர் பக்கம்.

நான் போய்ச் சேர்ந்த வருடம் அந்த அணிக்கு வந்த வறட்சி சாதாரணமானது அல்ல. நைட்டுக்குப் பின் வந்த மைக் டேவிஸ் 2002-இலேயே அணியை இறுதியாட்டம் வரை கொண்டுபோனார், மேரிலாந்திடம் தோற்றார். இண்டியானாவின் முதல் கறுப்பினக் கூடைப்பந்துத் தலைமைப் பயிற்சியாளர். இறுதியாட்டம் வரை போனவரையும் 'நம்ம ஆள் இல்லை' என்ற முணுமுணுப்பு விடவில்லை. 2006-இல் அவரே விலகினார். அடுத்தவர் கெல்வின் சாம்ப்சன். பள்ளி ஆட்டக்காரர்களைத் தன் அணிக்கு இழுக்க விதியை மீறித் தொலைபேசியில் பேசினார் என்ற குற்றச்சாட்டு. 2008 பிப்ரவரியில் அணி 22 வெற்றி, 4 தோல்வி என்று கொடிகட்டிப் பறந்தபோது 7,50,000 டாலர் கொடுத்து அவரை அனுப்பினார்கள். கூடவே பழைய ஆட்டக்காரர்கள் ஏறக்குறைய எல்லோரும் போய்விட்டார்கள். டாம் கிரீன் என்பவர் புதிதாக வந்து, கிடைத்த பையன்களை வைத்து ஆடினார். 6 வெற்றி, 25 தோல்வி.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு விநோதம் பார்த்தேன். யாரும் கிரீனைத் திட்டவில்லை. வீடு எரிந்தபின் கூரை வேய வந்தவரை யார் திட்டுவார்கள்? மூன்று சீசன் பொறுத்தார்கள். 2011 டிசம்பர் 10 அன்று, நாட்டின் முதல் நிலை அணியான கென்டக்கியை, நேரம் முடியும் நொடியில் கிறிஸ்டியன் வாட்ஃபோர்ட் தொலைவிலிருந்து போட்ட மூன்று புள்ளிப் பந்தால் 73-72 என்று வென்றோம். பாருங்கள், 'வென்றோம்' என்கிறேன். அன்று வீட்டுக்காரர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தெருவெல்லாம் கூட்டம், கூச்சல்.

கிரீனின் சரிவு உண்மையில் அங்கிருந்துதான் தொடங்கியது. தோற்கும்போது பொறுத்தவர்கள், ஜெயிக்க ஆரம்பித்ததும் கணக்குக் கேட்டார்கள். 2013-இல் பிக் டென் என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் பட்டம், 2016-இல் மறுபடியும். ஆனால் மார்ச் மாதத் தேசியப் போட்டியில் இறுதி நான்கை எட்டவே இல்லை. 2016-இல் பட்டம் வாங்கியவரை 2017 மார்ச்சில் நீக்கினார்கள். நான் அதற்குள் ஊர் திரும்பிவிட்டேன். வீட்டுக்காரர் தொலைபேசியில் சொன்னார்: "நல்ல மனுஷன்தான். ஆனால் கடைசி இரண்டு நிமிஷத்தில் என்ன செய்வதென்று தெரியாதவர்." எங்கேயோ கேட்ட மாதிரி இல்லையா? நம் கிரிக்கெட் கேப்டன்களைப் பற்றி டீக்கடையில் சொல்வதும் இதேதான்.

இந்த நோய் இண்டியானாவுக்கு மட்டும் உரியதல்ல. கலிபோர்னியாவின் யு.சி.எல்.ஏ.-வில் ஜான் வுடன் பத்துத் தேசியப் பட்டங்கள் வாங்கி 1975-இல் ஓய்வு பெற்றார். அடுத்து வந்த ஜீன் பார்ட்டோ இரண்டு சீசனில் 52 வெற்றி, 9 தோல்வி. அதுவும் போதவில்லை. ரசிகர்களின் வசவு தாங்காமல் கிளம்பிவிட்டார்.

கிரீனுக்குப் பின் வந்தவர் ஆர்ச்சி மில்லர். நான்கு சீசன், 67 வெற்றி, 58 தோல்வி. பர்டியூவை ஒரு தடவைகூட வெல்லவில்லை. இண்டியானாவில் வேறு குற்றம் தேவையே இல்லை. 2021 மார்ச்சில் நீக்கம். ஒப்பந்தப்படி அவருக்குத் தரவேண்டியது 10 மில்லியன் டாலருக்குச் சற்று அதிகம். அன்றைய கணக்கில் நம் பணத்தில் 70 கோடிக்கும் மேல். கொரோனாவில் பல்கலைக்கழகங்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரம். பணம் எங்கிருந்து வந்தது? தனியார் நன்கொடை. அணியின் மேல் பற்றுள்ள பணக்காரர்கள் கொடுத்தார்கள்.

நான் இன்று பேச வந்ததே இதற்காகத்தான். 2000-இல் ஆயிரக்கணக்கான மாணவர்கள் இரவில் தெருவில் நின்று கத்தியும் ஒரு கோச்சின் வேலையைக் காப்பாற்ற முடியவில்லை. 2021-இல் ஒரு சிலர் காசோலை எழுதி ஒரு கோச்சை வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. இரு தரப்பும் ரசிகர்களே. முன்னவர்கள் தொண்டையை மட்டும் வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் வாழ்நாள் முழுக்க டிக்கெட் வாங்கியவர். ஆனாலும் தன் கருத்துக்குப் பல்கலைக்கழக அலுவலகத்தில் ஓர் ஓட்டுக்கூடக் கிடையாது என்பதை அவர் அன்றுதான் உணர்ந்தார் என்று நினைக்கிறேன். ஆர்ச்சியை நீக்கவேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், நீக்கிய அன்று மகிழவில்லை. "இவ்வளவு பணமா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். இப்போது ஆட்டக்காரர்களுக்கும் வெளியிலிருந்து பணம் போகலாம், விருப்பப்படி கல்லூரி மாறலாம் என்று விதிகள் தளர்ந்துவிட்டன. கோச் போனால் பாதி அணி பெட்டி கட்டுகிறது. காசோலைக்காரர்களின் குரல் இன்னும் ஓங்கத்தான் செய்யும்.

சரி, நீக்கியாயிற்று. அடுத்து யார்? வெற்றிடம் விழும்போதெல்லாம் அங்கே ஒரே பெயர்தான்: பிராட் ஸ்டீவன்ஸ். அந்த மாநிலத்துப் பையன், பட்லர் என்ற சிறிய கல்லூரியை இரண்டு முறை தேசிய இறுதியாட்டத்துக்குக் கொண்டுபோனவர். அப்போது பாஸ்டன் செல்டிக்ஸ் என்ற தொழில்முறை அணியில் வசதியாக இருந்தார். வரமாட்டேன் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். இருந்தும், வெளிநாட்டில் குழந்தை குட்டியோடு இருக்கிற மாப்பிள்ளைக்கு ஊரில் பெண் பார்ப்பதுபோல அவரையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் வந்தவர் மைக் வுட்சன். இண்டியானாபொலிஸில் பிறந்தவர், நைட்டிடமே ஆடியவர், என்.பி.ஏ. என்ற தொழில்முறைத் தொடரின் அணிகளைப் பயிற்றுவித்தவர். டேவிஸிடம் இல்லை என்று சொன்ன 'நம்ம ஆள்' தகுதி இவரிடம் நூற்றுக்கு நூறு. முதல் இரண்டு வருடமும் தேசியப் போட்டிக்குள் நுழைந்தார். பிறகு சறுக்கல். அதே அசெம்பிளி ஹாலில் 'வுட்சனை நீக்கு' என்று கோஷம் எழுந்தது. 2025 பிப்ரவரியில், சீசன் முடிந்ததும் விலகுகிறேன் என்றார். ஊர்க்காரர், வெளியூர்க்காரர் என்று பேசிய பேச்செல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

நைட் 20 வருடம் அந்த அரங்கை எட்டிப் பார்க்காமல் இருந்தார். 2020 பிப்ரவரியில், பர்டியூவுடன் நடந்த ஆட்டத்தின் இடைவேளையில், பழைய சீடர்கள் சூழ உள்ளே வந்தார். முதுமையும் தளர்ச்சியும் தெரிந்தன. அரங்கமே எழுந்து நின்று அழுதது. ஆட்டத்தில் இண்டியானா தோற்றது, அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. 2023 நவம்பர் 1 அன்று அதே ஊரில் காலமானார்.

2025 மார்ச்சில் டேரியன் டிவ்ரீஸ் என்பவரை நியமித்தார்கள். வீட்டுக்காரரை அழைத்துக் கேட்டேன். "அயோவாக்காரராம். நன்றாகத்தான் தெரிகிறது. மகனும் கூடவே வந்து ஆடப்போகிறானாம்." சற்று நிறுத்தினார். "அதொன்றும் புதுசு இல்லை. நைட்டின் மகனும் இங்கேதான் அவர் கீழ் ஆடினான். அவனையும் அந்த மனுஷன் விட்டுவைக்கவில்லை, தெரியுமா?" அதன்பின் அரை மணி நேரம் நைட்தான். முடிவில், "நீக்கியது சரியா தப்பா, நீ இன்னும் சொல்லவே இல்லையே?" என்றார்.

இங்கே கரண்ட் போய்விட்டது, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.