ஒரே மூக்கு, ரெண்டு நட்சத்திரம்: அரியானாவோட ‘கிளவுட்’ ஜெயிச்ச கணக்கு

[திரையில்: வெள்ளை மேகத்து மேல நீல பாட்டில்]

பாடகி அரியானா கிராண்டே பேர்ல வந்த பர்ஃப்யூம் ‘கிளவுட்’, 2018. இந்த வாசனையைக் கலந்தவர் கிளெமென் கவரி. 2005-ல நடிகை சாரா ஜெசிகா பார்க்கரோட ‘லவ்லி’ பர்ஃப்யூமைச் செஞ்ச ரெண்டு பேர்ல இவரும் ஒருத்தர்! வாசனை கலக்கறவரை இந்தத் தொழில்ல ‘மூக்கு’னு சொல்வாங்க. நட்சத்திரங்க மாறினாலும் மூக்கு அதே மூக்கு.

ஒப்பந்தம் சிம்பிள். நட்சத்திரம் பேரைத் தருவாங்க, லைசன்ஸ் எடுத்த கம்பெனி தயாரிச்சு விற்கும். நட்சத்திரத்துக்கு ராயல்டி, அதாவது விற்பனையில ஒரு பங்கு வரும்.

அடுத்து ‘பிரீஃப்’. எப்படிப்பட்ட வாசனை வேணும்னு எழுதி ஜிவாடான், ஐ.எஃப்.எஃப்., சிம்ரைஸ் மாதிரி வாசனை தயாரிக்கிற நிறுவனங்களுக்கு அனுப்புவாங்க. அவங்களுக்குள்ள போட்டி நடக்கும். போட்டிக்குச் செய்யற சாம்பிள்களுக்குப் பொதுவா காசு கிடையாது. ஜெயிச்சவங்க வாசனை எண்ணெயைக் கிலோ கணக்குல வித்துதான் சம்பாதிக்கணும். அதனால கிலோவுக்கு என்ன விலைங்கிறதையும் பிரீஃப்லயே எழுதிடணும். விட்டுட்டா, பிடிச்ச சாம்பிள் பட்ஜெட்ல அடங்காது. மலிவான சரக்கு உள்ளே வரும், வாசனை மாறும்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்: வனிலின், அதாவது வனிலா வாசனை தர்ற பொருள்! பிரலைன், தேங்காய், வனிலா ஆர்க்கிட்னு கிளவுட் போற இந்த இனிப்பு வகைக்கு வனிலின்தான் பெரும்பாலும் முதுகெலும்பு. ஆனா நாளாக நாளாக அது பழுப்பாகும். ரோஸ் கலர் திரவம் டிகாஷன் மாதிரி ஆயிடும். வாசனை நல்லாவே இருந்தாலும், வாங்கினவங்க ‘பழைய சரக்கு’னு திருப்பிக் கொடுப்பாங்க. அதான் ஒரு பாட்டிலை 40 டிகிரி சூட்டுல 3 மாசம், ஒண்ணை வெளிச்சத்துல, ஒண்ணை ஃப்ரிட்ஜ்ல வெச்சு ஒப்பிடணும். பம்ப்பை மாட்டியே வைங்க. எண்ணெய் பட்டு கேஸ்கெட் (பம்ப்பைக் கசியாம அடைக்கிற வளையம்) ஊதிக் கசியறது அப்பதான் தெரியும். நிறம் மாறினா புற ஊதாத் தடுப்பான் சேர்க்கலாம், வனிலினைக் குறைக்கலாம், இல்லைன்னா நிறக் கண்ணாடிக்குப் போகலாம். என் ஓட்டு கண்ணாடிக்குத்தான். வனிலினைக் குறைச்சா வாசனையே மெலிஞ்சிடும். உங்க வீட்டுல பழுப்பான பாட்டில் இருந்தா பேரைக் கமெண்ட்ல போடுங்க!

‘ஓ டி பர்ஃபம்’னு பாட்டில்ல போட்டிருக்கிற வகைன்னா வாசனை எண்ணெய் சுமார் 15–20 சதவீதம், மீதி பெரும்பாலும் ஆல்கஹால். சில வாரம் ஊறவெச்சு, குளிரவெச்சு வடிகட்டணும். குளிரவைக்காம வடிகட்டினா, குளிர் நாட்டுக் கடையில பாட்டில் கலங்கும்.

முதல் பாட்டிலை ரசிகர்கள் முகத்துக்காக வாங்குவாங்க. பிராண்ட் நிக்கிறது ரெண்டாவது பாட்டில்ல. ஹாலிவுட் நடிகை எலிசபெத் டெய்லரோட ‘வொயிட் டயமண்ட்ஸ்’ 1991-ல வந்தது. அவங்க 2011-ல மறைஞ்சாங்க, பாட்டில் இன்னிக்கும் கடையில இருக்கு. அந்த அளவுக்குப் போகணும்னா கிறிஸ்துமஸ் ஆர்டர்ல பேராசை வேண்டாம். மிஞ்சினதைத் தள்ளுபடிக் கடைக்குத் தள்ளினா, அடுத்த வருஷம் முழு விலைக்கு யாரும் தொட மாட்டாங்க.